பல் முதல்: செயின் ரம்பத்துக்குப் பத்துச் சூத்திரமும் உரையும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது வடகரப்பதி. வீட்டிலும் கடையிலும் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்று நடக்கும் பூமி. கேரளத்தின் மற்ற பகுதிகளைவிட மழை குறைவு. தென்னையும் பனையும் அதிகம். மரம் அறுக்கும் வேலைக்கு இங்கே ஓய்வில்லை. 1882-இல் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட தென்னை வேர் வாடல் நோய் இன்று பொள்ளாச்சி வட்டாரம்வரை பரவி, தோப்பு தோப்பாக மரங்களை வெட்டி அகற்ற வைக்கிறது. தெற்கே இடுக்கி மலையில் ஏலத்தோட்டத்து நிழல் மரங்களுக்குக் கவாத்து, மூணாறு பக்கம் யூகலிப்டஸ் வெட்டு. மலையானாலும் சமவெளியானாலும் ஆளின் கையில் இருப்பது செயின் ரம்பம்.

அதைப் பேணும் முறை வாய்வழியாகத்தான் நடக்கிறது. பெட்டியோடு வரும் கையேடு கவர் பிரிக்கப்படாமல் பரணுக்குப் போய்விடுகிறது. கையேடு சொல்வதையும் பட்டறை சொல்வதையும் சேர்த்துப் பத்து வரிகளாகக் கட்டி, பழைய உரைகாரர் வழியில் ஒவ்வொன்றுக்கும் பொருளும் விளக்கமும் எழுதியிருக்கிறேன். சூத்திரமும் என்னுடையது, உரையும் என்னுடையது.

1. பல் முதல், இஞ்சின் கடைசி.

பொருள்: ரம்பம் வேலை செய்யவில்லை என்றால் முதலில் செயினின் பல்லைப் பார்க்க வேண்டும். இஞ்சினைத் திறப்பது எல்லாவற்றுக்கும் பிறகு.

விளக்கம்: "மெஷின் இழுக்க மாட்டேங்குதுங்கண்ணா, கார்புரேட்டரைக் கழட்டிப் பாருங்க" என்றுதான் ரம்பம் பட்டறைக்கு வரும். கழற்றுவதற்கு முன் பல்லில் விரல் வைத்துப் பார்ப்பவரே மெக்கானிக். கூரான பல், ரம்பத்தின் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். மழுங்கிய பல் இறங்காது, ஆள் அழுத்துவார். அழுத்த அழுத்த இஞ்சின் சுற்று குறையும். சிலிண்டரைக் குளிர்விக்கும் விசிறி, இஞ்சின் சுற்றும் அதே தண்டில்தான் இருக்கிறது. சுற்று குறைந்தால் காற்றும் குறைந்து சிலிண்டர் கொதிக்கும். கிளட்ச் நழுவிச் சூடேறும். செயின், தான் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரை அழுத்தித் தேய்த்து விளிம்பைக் கூராக்கும். மாலையில் ஆளின் தோள் விட்டுப்போகும்.

பல்லில் தொடங்கிய ஒரு கோளாறு இப்படி நாலு இடத்தில் நோயாகத் தெரிகிறது. கார்புரேட்டரை மாற்றினால் நாலில் ஒன்றும் தீராது, காசுதான் போகும். மற்ற ஒன்பது சூத்திரங்களுக்கும் இதுவே தலைச்சூத்திரம் என்பதால் முதலில் வைக்கப்பட்டது.

2. தூள் மாவெனில் அரம் எடு. சீவலெனில் மரம் எடு.

பொருள்: ரம்பம் கக்கும் தூள் மாவாக இருந்தால் பல் மழுங்கிவிட்டது, அரம் போட வேண்டும். சீவல் சீவலாக வந்தால் வேலையைத் தொடரலாம்.

விளக்கம்: கூரான பல் மரத்தைச் செதுக்கி எடுக்கும், மழுங்கிய பல் அரைத்து எடுக்கும். ஆகவே தூளைக் கையில் அள்ளிப் பார்த்தாலே செயினின் நிலை தெரியும். வேம்பு, புளி, யூகலிப்டஸ், சில்வர் ஓக் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தென்னைக்கு இந்தச் சோதனை முழுதாகப் பொருந்தாது. தென்னையின் வெளிவட்டக் கட்டை கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். நடுச்சோறு 400 கிலோவுக்கும் கீழே. நல்ல பல்லும் சோற்றுப் பகுதியில் பொடியைத்தான் கக்கும். அதோடு பனை இனத்துக் கட்டைகளில் சிலிக்கா துகள்கள் கலந்திருக்கின்றன. மணல் கலந்த பொருளை அறுப்பது போன்ற வேலை அது. ஒரு நாள் முழுக்கத் தென்னை அறுப்பவர், வேம்பு அறுப்பவரைவிட அடிக்கடி அரம் எடுத்தே ஆக வேண்டும். பனையின் கருத்த வெளிக்கட்டை இன்னும் கடுமை.

அப்படியானால் தென்னையில் மழுக்கத்தைக் கண்டறிவது எப்படி எனின், பல்லையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. மேல்தட்டின் வெட்டு விளிம்பில் வெள்ளைக் கோடாக ஒளி மின்னினால் அந்த இடம் உருண்டுவிட்டது. கூரான விளிம்புக்கு ஒளியைத் திருப்பித் தர அகலமே இல்லை; அது கண்ணுக்குத் தெரியாது.

தேய்வு ஒரு வகை, விபத்து வேறு வகை. தென்னையில் எலிக்கு அடித்த தகரம், பந்தலுக்கு அடித்த ஆணி, ரோட்டோர மரத்தில் விளம்பரத் தட்டி தொங்கவிட்ட கம்பி எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். வெட்டுமுன் மரத்தைச் சுற்றி வந்து பார்ப்பது அரத்தை மிச்சப்படுத்தும். கிடக்கும் மரத்தைத் துண்டு போடும்போது அடியில் கட்டை கொடுக்காவிட்டால் செயின் மண்ணைத் தொடும். சித்தூர் கிழக்கின் கரிசலோ மணலோ, ஒரு நொடி தொட்டால் போதும். காலையில் தீட்டிய பல் அத்தனையும் போச்சு.

3. ஒரே சாய்வு, ஒரே எண்ணிக்கை, இருபுறமும் ஒரே நீளம்.

பொருள்: எல்லாப் பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே தள்ளு எண்ணிக்கையில், இடம் வலம் இரண்டும் சமமாக இருக்கும்படி தீட்ட வேண்டும்.

விளக்கம்: இன்றைய செயினின் பல் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946-இல் ஒரு வண்டின் புழு கட்டையை இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கண்டார். அந்தத் தாடை அமைப்பை உருக்கில் வடித்தார். 1947-இல் நிறுவனம் தொடங்கினார். அன்றிலிருந்து செயினில் ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம். இரண்டும் சமமாகக் கடித்தால்தான் வெட்டு நேரே போகும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறதென்றால் அந்தப் பக்கப் பல் நீளம் அல்லது கூர்மை அதிகம். பார் வளைந்துவிட்டதோ என்று சந்தேகப்படுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

அரத்தின் பருமன் செயினின் அளவைப் பொறுத்தது. கவாத்துக்கு எடுக்கும் சிறு ரம்பத்தின் மெல்லிய செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம்; .325 அங்குலச் செயினுக்கு 4.8, பெரிய ரம்பத்து 3/8 அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5. கடைக்காரர் தரும் அரத்தையே எல்லாவற்றுக்கும் போட்டால் பல்லின் குழிவு கெடும். சாய்வு பொதுவாக 30 பாகை; அந்தக் கோடு பல்லின் மேல்தட்டிலேயே பொறித்திருக்கும்.

அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். திரும்பும்போது பல்லைத் தொடாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். இழுப்பில் அரமும் கெடும், விளிம்பும் மடியும். முதலில் மிகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்துத் தீட்டி, மற்றவற்றை அந்த அளவுக்குக் கொண்டுவருவதே முறை. "மூணு தள்ளு, அடுத்த பல்" என்று தினமும் செய்பவருக்கு இது பெரிய வேலையாகவே ஆகாது.

அவசரத்துக்குக் கிரைண்டர் போடுபவர் உண்டு. சக்கரம் அழுத்தினால் பல்லின் நுனி நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த உருக்கின் பதம் போய்விட்டது. அதன்மேல் அரமும் சரியாகப் பிடிக்காது, கூரும் நிற்காது.

4. முன்மேட்டை மறந்தால் பட்டினி. மிஞ்சித் தாழ்த்தினால் வெறி.

பொருள்: பல்லுக்கு முன்னுள்ள மேட்டைத் தாழ்த்தாவிட்டால் ரம்பம் கடிக்காது, அளவு மீறித் தாழ்த்தினால் துள்ளும்.

விளக்கம்: ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் சிறு மேடு ஒன்று உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லின் மேல்தட்டு பின்னோக்கிச் சரிந்திருப்பதால் தீட்டத் தீட்டப் பல் உயரம் குறையும். மேடு அப்படியே நிற்கும். கடைசியில் பல் பளபளவென்று கூராக இருந்தும் மரத்தை நக்கிக்கொண்டு போகும். "புதுசா அரம் போட்டும் வெட்டலீங்க" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

.325, 3/8 செயின்களில் பல்லின் உயரத்துக்கும் மேட்டின் உயரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். நாலைந்து முறை பல் தீட்டியபின், அளவுத் தகட்டை வைத்துத் தட்டை அரத்தால் மேட்டைச் சரிசெய்து முன்விளிம்பை உருட்டிவிட வேண்டும். இன்னும் வேகமாக வெட்டட்டும் என்று அதிகம் தாழ்த்துபவர், ஒவ்வொரு பல்லும் தாங்குவதற்கு மேல் கடிக்கும் ரம்பத்தைக் கையில் பிடிக்கிறார். அது இஞ்சினைத் திணறடிக்கும். ஆளை நோக்கித் திருப்பி எறியும் வேகத்தையும் கூட்டும்.

5. பாரைப் புரட்டு, பள்ளம் துடை, துளை திற.

பொருள்: பாரை அடிக்கடி தலைகீழாக மாற்று, அதன் பள்ளத்தைச் சுத்தம் செய், எண்ணெய்த் துளையை அடைப்பின்றி வை.

விளக்கம்: வெட்டுச்சுமை பெரும்பாலும் பாரின் கீழ்விளிம்பில் விழுகிறது. புரட்டிப் போட்டால் இரு விளிம்பும் சமமாகத் தேயும். விளிம்பில் எழும் உருக்குப் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்துவிட வேண்டும். பள்ளத்தில் எண்ணெயும் தூளும் சேர்ந்து களியாக இறுகும். தென்னை நார் சேர்ந்தால் இன்னும் இறுக்கம். கம்பியால் சுரண்டி எடுத்து, பாரின் அடியில் உள்ள சிறு துளையையும் குத்திவிட்டால் எண்ணெய் வழி திறக்கும்.

எண்ணெய் வருகிறதா என்று அறிய, வெளிர் நிறக் கட்டைக்கு எதிரே பாரின் மூக்கைக் காட்டி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், கட்டைமேல் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். பெட்ரோல் டாங்க் ஒருமுறை காலியாகும்போது எண்ணெய் டாங்கும் ஏறக்குறையக் காலியாகியிருக்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்தும் எண்ணெய் அப்படியே நின்றால் வழியில் அடைப்பு.

லாரி, டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் உள்ள உலோகப் பொடி எண்ணெய்ப் பம்பையும் பாரின் மூக்கையும் தின்னும். ஆளின் மூச்சிலும் தோலிலும் படியும் அந்த எண்ணெய் உடலுக்கும் ஆகாது. மிச்சம் பிடித்த ரூபாய் பாரின் விலையில் போய்விடுகிறது.

6. சூட்டில் இழுத்ததைக் குளிருமுன் தளர்த்து.

பொருள்: வேலையின் நடுவே செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும்.

விளக்கம்: சூடேறிய செயின் நீண்டு தொங்கும். அப்போது இறுக்குவது சரி. அப்படியே விட்டுவிட்டுப் போனால் இரவில் குளிர்ந்து சுருங்கி, இஞ்சின் தண்டையும் அதன் பேரிங்கையும் இழுத்துப் பிடிக்கும். குளிர்ந்த செயின், பாரின் அடிவிளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் நகரவும் வேண்டும். அடிக்கடி தொங்கினால் செயினைச் சுழற்றும் ஸ்பிராக்கெட்டைப் பார்க்க: அதில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது பொதுக் கணக்கு. தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் மாட்டிய புதுச் செயின் சீக்கிரமே பழைய செயின் ஆகிவிடும்.

7. லிட்டருக்கு இருபது, பழையதற்கு இடமில்லை.

பொருள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். கலந்து நாளான பெட்ரோலை ஊற்றக் கூடாது.

விளக்கம்: டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் தனி ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுக்கல். ஆயில் கலக்காத பெட்ரோலை மறந்து ஊற்றினால், முதல் மரம் முடியுமுன் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ரம்பக் கம்பெனிகள் தரும் உயர்தர ஆயிலுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பங்க்கில் கிடைக்கும் சாதா 2டி ஆயிலுக்கு 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. கண்ணளவில் ஊற்றுவது இரண்டு பக்கமும் கெடுதல்: குறைந்தால் பிஸ்டன், கூடினால் பிளக்கும் சைலன்சரும்.

இப்போது இதில் புதுச் சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025 முதல் நாடெங்கும் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல ரம்பங்களின் கையேடு 10 சதவீதத்தைத் தாண்டாதே என்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கேனில் கிடக்கக் கிடக்க ஈரம் ஏறி, ஓர் அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கின் அடியில் கிடக்கும் உறிஞ்சு குழல் எடுப்பது எதை எனின், ஆயில் இல்லாத அந்த அடிநீரை. இடுக்கியின் ஈரக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரப்பர் குழாயும் கார்புரேட்டரின் டயாபிரமும் எத்தனாலில் ஊறி விறைத்துப் போவதும் உண்டு.

வேறு பெட்ரோல் கிடைக்காத ஊரில் செய்யக்கூடியது: தேவைக்கு மட்டும் கலப்பது, கேனை இறுக மூடி நிழலில் வைப்பது, ஊற்றுமுன் குலுக்குவது, 30 நாளைத் தாண்டியதை ரம்பத்தில் ஊற்றாமல் இருப்பது. ரம்பத்தைச் சில வாரம் ஓய்வில் வைப்பதானால் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும்.

8. மூச்சடைத்தால் புகையும், மெலிந்தால் எரியும்.

பொருள்: காற்று வழி அடைத்தால் ரம்பம் கரும்புகை விட்டுத் திணறும். பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் பிஸ்டன் எரியும்.

விளக்கம்: இரண்டும் எதிரெதிர் நோய்கள், மருந்தும் எதிரெதிர். பிரித்தறிய பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி காபிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நலம். கரி படிந்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஆயில் அதிகம், அல்லது ஃபில்டர் அடைப்பு. வெளுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அந்த ரம்பத்தை உடனே நிறுத்த வேண்டும். பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டர்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியையும் சேர்த்தே கொண்டுவரும். கோடையில் ஃபில்டரைத் தினமும் தட்டித் துலக்க வேண்டும். ஃபில்டரை எடுக்குமுன் சோக்கை மூடிக்கொண்டால் தூள் உள்ளே விழாது. கிழிந்த ஃபில்டரோடு ஓட்டுவதற்கு ஓட்டாமலே இருக்கலாம். உள்ளே போன மண் பிஸ்டனை அரமாகத் தேய்க்கும்.

கார்புரேட்டரில் மூன்று திருகுகள். எல் என்பது குறைந்த சுற்றுக்கு, எச் என்பது முழுச் சுற்றுக்கு, எல்ஏ அல்லது டி என்பது ஐட்லிங்குக்கு. எச் திருகை உள்ளே முடுக்கினால் பெட்ரோல் குறையும், சத்தம் கூர்மையாகும், ரம்பம் "பறக்கும்". வாடிக்கையாளருக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பிஸ்டனுக்கு அதுவே முடிவு. சுமையில்லாமல் முழு ஆக்ஸிலரேட்டரில் கொஞ்சம் பிசிறு தட்டி, வெட்டில் இறங்கியதும் தெளியும் சத்தமே சரியான சத்தம்.

பைக் கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் இருக்கும்; ரம்பத்தில் இல்லை. எப்படிச் சாய்த்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக மெல்லிய டயாபிரம் பெட்ரோலை அளந்து விடுகிறது. ஸ்டார்ட் ஆகி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் நின்றால் டயாபிரத்தைச் சந்தேகிக்கலாம். அது விறைத்திருந்தால் திருகைத் திருப்பிப் பயனில்லை. கிட் வாங்கி மாற்றுவதே வழி.

9. விரல் விட்டால் செயின் நிற்க. கை தட்டினால் பிரேக் விழ.

பொருள்: ஆக்ஸிலரேட்டரை விட்டதும் செயின் அசையாது நிற்க வேண்டும். முன்காப்பைத் தள்ளியதும் பிரேக் உடனே பிடிக்க வேண்டும்.

விளக்கம்: ஐட்லிங் பல மாடல்களில் நிமிடத்துக்கு 2,700 அல்லது 2,800 சுற்று. அந்தச் சுற்றில் கிளட்ச் விரியக் கூடாது. விரிந்து செயின் ஊர்ந்தால் முதலில் ஐட்லிங் திருகைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் நைந்திருக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் இடத்தில், ஊரும் செயினுக்கு மன்னிப்பே கிடையாது.

பாரின் மூக்கில் மேல் கால்பகுதி எதிலாவது இடித்தால் ரம்பம் மேலெழும்பி ஆளின் முகத்துக்கு வரும். அப்போது காப்பது பிரேக் ஒன்றுதான். அதன் பட்டை கிளட்ச் டிரம்மைச் சுற்றி இருக்கிறது. அங்கே தூளும் எண்ணெயும் அடைத்தால் முன்காப்பு விழுந்தாலும் செயின் நிற்காது. பல் தீட்டும் நாளெல்லாம் மூடியைத் திறந்து அந்த இடத்தையும் துடைப்பது பழக்கமாக வேண்டும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷும் இந்தச் சூத்திரத்தில் அடங்கும். அது அறுந்த ரம்பத்தைத் தொடர்ந்து பிடிப்பவருக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும். அந்த மரப்பு சிலருக்கு நிரந்தரமாகிவிடும்.

10. காரணம் கண்டபின் பாகம் மாற்று.

பொருள்: பாகம் ஏன் கெட்டது என்று தெரியாமல் புதுப் பாகம் போடக் கூடாது.

விளக்கம்: பிஸ்டன் பிடித்த ரம்பத்தை முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை. சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் துளை வழியே பிஸ்டன் தெரியும். சைலன்சர் பக்கம் மட்டும் நெடுக்குக் கீறல் இருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது பெட்ரோல் மெலிந்தது. கீறல் காற்று நுழையும் பக்கம் இருந்தால் ஃபில்டர் வழியே மண் போயிருக்கிறது. கீறல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பிஸ்டன் கிட் மாட்டினால், அதே காரணம் அதே இடத்தில் காத்திருக்கும். ஆயில் சீல் வழியாகக் காற்று கசியும் ரம்பத்தில் புதுப் பிஸ்டனும் எரியும். சிலிண்டரின் உட்பூச்சு உரியாமல், பிஸ்டனின் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்தால் அதைக் கரைத்தெடுத்துச் சிலிண்டரைக் காப்பாற்றலாம். உட்பூச்சே உரிந்துவிட்டால் சிலிண்டரும் போச்சு.

அப்போதுதான் விலைக் கணக்கு வருகிறது. 52 சிசி, 58 சிசி என்று மலிவாக விற்கும் ரம்பங்களில் பெரிய பழுதுக்கான செலவு புது ரம்பத்தின் விலையை எட்டிவிடும். அங்கே தூக்கிப் போடுவது நியாயமே. தொழில்முறை ரம்பத்துக்குப் பாகம் கிடைக்கும்வரை பழுது பார்ப்பது லாபம். ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: எரிந்தது ஆயில் குறைந்தா, மண் நுழைந்தா, மழுங்கிய பல்லை வைத்து அழுத்தியதாலா? மூன்றாவது என்றால் ரம்பத்தை மாற்றிப் பயனில்லை. பிடிக்கும் கையின் பழக்கம் மாறாதவரை, அடுத்த ரம்பமும் அதே பட்டறை மேசைக்குத்தான் வரும்.